வலிக்கு ஒரு வைத்தியம், எலும்புக்கு ஒரு வைத்தியம்

முதுகில் ஊசி செருகி நரம்பைச் சூடுபடுத்தும் சிகிச்சை செய்துகொண்டேன் என்று சொன்னால் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "வலி போயிடுச்சா?" பெரும்பகுதி போய்விட்டது. ஆனால் அந்தச் சிகிச்சை என் எலும்பைக் கொஞ்சமும் பலப்படுத்தவில்லை. இதையும் சேர்த்துச் சொல்லாமல் நான் யாருக்கும் பதில் சொல்வதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு தீராத முதுகுவலியும் எலும்பு அடர்த்திக் குறைவும் சேர்ந்தே வந்து நிற்கும் பெண்கள் எங்கள் தெருவிலேயே பலர் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. கரூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். நாற்பத்திரண்டு வயதில் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அப்படி எடுத்தால் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று நின்றுவிடும், எலும்பு வேகமாகக் கரையத் தொடங்கும் என்பதை அன்றைக்கு யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதுகுவலி ஐம்பதுகளின் நடுவில் ஆரம்பித்தது. காலுக்கு இறங்காது. மரத்துப்போகாது. இடுப்புப் பட்டைக்குச் சற்று மேலே, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஆழமாக ஒரு வலி. கட்டிங் டேபிள் முன்னால் நின்று துணி வெட்டும்போது பிடிக்கும். நாற்காலியிலிருந்து எழும்போது பிடிக்கும். முன்பக்கம் குனிந்தால் கொஞ்சம் தேவலை.

மாத்திரை, பெல்ட், தைலம், கரன்ட் ஒத்தடம் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு மருத்துவமனையில் முதுகில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். சில வாரம் சுகமாக இருந்தது, வலி திரும்பியதும் மறுபடி போட்டார்கள். கோயம்புத்தூரில் வலி நிவாரண சிகிச்சை செய்யும் ஒரு மருத்துவரிடம் போனபோதுதான் பேச்சு வேறு திசையில் போனது. பழைய சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை ஸ்டீராய்டு போயிருக்கே, டெக்ஸா ஸ்கேன் எப்பம்மா எடுத்தீங்க?" என்று கேட்டார். எடுத்ததே இல்லை. ஸ்டீராய்டு எலும்பின் அடர்த்தியைக் குறைக்கலாம், அந்த அடர்த்தியை அளப்பதுதான் இந்த ஸ்கேன்.

டெக்ஸா ஸ்கேன் எளிமையானது. சட்டையைக்கூடக் கழற்ற வேண்டாம், ஜிப், ஊக்கு போன்ற உலோகம் இல்லாமல் இருந்தால் போதும். படுக்கவைத்து மேலே கருவியின் கை ஒன்று நகர்ந்து போகும், சில நிமிடத்தில் முடிந்துவிடும். அதில் வரும் எண்தான் டி-ஸ்கோர். -1 வரை சாதாரணம். -1-க்கும் -2.5-க்கும் நடுவில் இருந்தால் அடர்த்திக் குறைவு. -2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புப்புரை. எனக்கு முதுகெலும்பில் -1.9, இடுப்பில், அதாவது தொடை எலும்பின் கழுத்தில் -2.8. முதுகு எண்ணைப் பார்த்து நான் கொஞ்சம் நிம்மதியானேன். மருத்துவர் இல்லை என்று தலையாட்டினார். வயதானவர்களின் முதுகெலும்பு ஓரங்களில் வளரும் எலும்பு முனைகளும் அந்த ஸ்கேனில் அடர்த்தியாகவே கணக்காகிவிடும், உள்ளே இருப்பதைவிட நல்ல எண் காட்டும், அதனால் இரண்டில் குறைவானதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். முதுகு எண்ணை மட்டும் பார்த்து "பரவாயில்லை" என்று யாராவது சொன்னால், இடுப்பு எண் என்னவென்று கேளுங்கள்.

அடுத்தது, வலி எலும்பு முறிவினால் வருகிறதா என்று பார்ப்பது. அடர்த்தி குறைந்த முதுகெலும்பு விழாமலேயே நசுங்கும். தும்மலில் நசுங்கலாம், தண்ணீர்க் குடம் தூக்கும்போது நசுங்கலாம். பலருக்கு அது வெறும் முதுகுப்பிடிப்பாகத்தான் தெரியும். உயரம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க மருத்துவர் என்னை அளந்தார், முன்பிருந்த உயரம் நினைவிருக்கிறதா என்று கேட்டார். முதுகின் நடுக்கோட்டில் மேலிருந்து கீழாக மடக்கிய கையால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். எம்ஆர்ஐயில் முதல் இடுப்பு முள்ளெலும்பு முன்பக்கம் லேசாகச் சரிந்திருந்தது. பழைய நசுங்கல், புது முறிவில் தெரியும் நீர்க்கோவை உள்ளே இல்லை, அதனால் இப்போதைய வலிக்குக் காரணம் அதுவல்ல என்றார். அது எப்போது நடந்ததென்று எனக்கு இன்றும் தெரியாது. புதிய முறிவு இருந்திருந்தால் சிகிச்சையின் பாதையே மாறியிருக்கும். இந்தச் சோதனை முடியாமல் நரம்புச் சிகிச்சைக்கு யாரும் ஒத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அவருடைய சந்தேகம் ஃபேசட் மூட்டுகள் மேல். முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவிலும் பின்பக்கம் இரண்டு சின்ன மூட்டுகள் உண்டு. அவை தேய்ந்து வீங்கினால் வரும் வலியை மூளைக்குக் கொண்டுபோவது மீடியல் பிராஞ்ச் என்ற மெல்லிய நரம்புகள். ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு நரம்புகள். கை கால்களை அசைக்கும் வேலை இவற்றுக்கு இல்லை. அதனால் கால் பலவீனமாகிவிடும் என்ற பயமில்லாமல் இவற்றைச் செயலிழக்கச் செய்யலாம். 1970-களில் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் நார்மன் ஷீலி ரேடியோ அலை வெப்பத்தை ஃபேசட் மூட்டு வலிக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். அதன் இன்றைய வடிவம்தான் ஆர்எஃப்ஏ என்று சொல்லப்படும் ரேடியோ ஃப்ரீக்வென்சி அப்லேஷன். ஸ்குரூ வைத்துக் கணுக்களை இணைக்கும் ஆபரேஷனை அவர் எனக்குப் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. எனக்குத் தேவையும் இல்லை, புரையோடிய எலும்பில் ஸ்குரூ பிடிப்பும் தளரும்.

ஆனால் உடனே செய்துவிடவில்லை. எம்ஆர்ஐயில் மூட்டு தேய்ந்திருப்பது தெரிந்தாலும் வலி அங்கிருந்துதான் வருகிறது என்று படம் சொல்லாது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் அதே தேய்மானம் இருக்கும். கையால் அழுத்திப் பார்த்தும் உறுதியாகச் சொல்ல முடியாது. உறுதி செய்ய ஒரே வழி, அந்த நரம்புகளின் பக்கத்தில் மரத்துப்போகும் மருந்தைச் சில துளி விட்டு, வலி அடங்குகிறதா என்று பார்ப்பது. இதைச் சோதனை ஊசி என்றார்கள். எனக்கு இதில் ஸ்டீராய்டு கலக்கவே வேண்டாம் என்று மருத்துவரே சொல்லிவிட்டார். தூக்க மருந்தும் கொடுக்கவில்லை. மயக்கத்தில் இருந்தால் வலி குறைந்தது ஊசியாலா மருந்தாலா என்று தெரியாமல் போகும்.

ஊசி போட்டு எழுப்பி உட்காரவைத்ததும் அவர் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "வீட்டுக்குப் போய் படுத்துடாதீங்க. எது செஞ்சா வலிக்குமோ அதைச் செய்யுங்க. மணிக்கொரு தடவை பத்துக்கு எவ்வளவுன்னு எழுதி வையுங்க." மருத்துவமனைப் படிக்கட்டில் ஏறி இறங்கினேன். அங்கேயே ஒரு கவுன்டர் முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். வழக்கமாக எட்டு என்று எழுதும் இடத்தில் இரண்டு என்று எழுதினேன். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது நான்கானது, இரவு பழையபடி எட்டு. அப்புறம் இன்னொரு நாள், வேறொரு மரப்பு மருந்தால் அதே சோதனை. ஒரே தடவை பார்த்தால் ஊசி போட்டாயிற்று என்ற நம்பிக்கையிலேயே வலி குறைந்ததுபோல் கணிசமானவர்களுக்குத் தோன்றிவிடுமாம். இரண்டு முறையும் எனக்கு வலி நன்றாக இறங்கியது.

சோதனை ஊசி இல்லாமல் நேரடியாக ஆர்எஃப்ஏ செய்கிறோம் என்றால் சம்மதிக்காதீர்கள். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட முதுகுவலி வழிகாட்டியிலும் இதே நிபந்தனைதான். மற்ற சிகிச்சைகள் பலிக்காமல் இருக்க வேண்டும், வலி பத்துக்கு ஐந்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், சோதனை ஊசியில் பலன் தெரிந்திருக்க வேண்டும்.

ஆர்எஃப்ஏ அன்று காலையில் போய் சாயங்காலம் வீடு திரும்பிவிட்டேன். தியேட்டரில் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். கூன் விழத் தொடங்கிய முதுகுக்கு அதுதான் கஷ்டம். வயிற்றுக்குக் கீழே தலையணை வைக்கச் சொல்லிக் கேட்டேன், வைத்தார்கள். ஸ்டிரெச்சரிலிருந்து மேஜைக்கு மாற்றும்போது, "எலும்புப்புரை இருக்கு, இழுக்காதீங்க, நானே மெதுவா நகர்ந்துக்கறேன்" என்று அங்கிருந்த தம்பியிடம் சொன்னேன். நீங்களும் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் எல்லாரும் உங்கள் ஃபைலைப் படித்திருக்க மாட்டார்கள்.

தொடையில் ஒரு பெரிய ஒட்டுப் பட்டை ஒட்டினார்கள், மின்சாரம் திரும்பிப் போகும் வழி அது. சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவியில் பார்த்துக்கொண்டே ஊசிகளை எலும்பின் பள்ளத்தில் நிறுத்தினார். கீழிருக்கும் இரண்டு கணுக்களுக்குப் பக்கத்துக்கு மூன்று நரம்பு (நடுவில் இருப்பது இரண்டு மூட்டுக்கும் பொது), ஆக ஆறு இடம். தோல் மரத்துப்போயிருந்ததால் குத்துவது பெரிதாகத் தெரியவில்லை, ஆழத்தில் அழுத்தம் தெரிந்தது. அப்புறம் கேட்டார்: "அம்மா, இப்ப என்ன தெரியுது?" வலி வழக்கமாக இருக்கும் அதே இடத்தில் குறுகுறுவென்று இருந்தது, சொன்னேன். "சரி, இப்ப முதுகு துடிக்கும். கால்ல ஏதாவது இழுத்தா உடனே சொல்லுங்க." முதுகுத் தசை மட்டும் டக் டக்கென்று அடித்தது, கால் அசையவில்லை. ஊசி முனை சரியான நரம்பருகில் இருக்கிறதா, காலுக்குப் போகும் பெரிய நரம்பிலிருந்து விலகி இருக்கிறதா என்பதற்கு இந்த இரண்டு சோதனைகளும்தான் பாதுகாப்பு. முதலாவது 50 ஹெர்ட்ஸ், இரண்டாவது 2 ஹெர்ட்ஸ் மின்தூண்டல். இதற்கு நாம் விழித்திருந்து பதில் சொல்லியாக வேண்டும். முழு மயக்கத்தில் செய்யுங்கள் என்று கேட்காமல் இருப்பது நமக்குத்தான் நல்லது. அதன்பிறகு மரப்பு மருந்து விட்டு, ஒவ்வொரு இடத்திலும் 80 டிகிரி சூடு, ஒன்றரை நிமிடம். எனக்கு ஒரு இடத்தில் மட்டும் சுருக்கென்றது. சொன்னதும் நிறுத்தி இன்னும் கொஞ்சம் மருந்து விட்டார்.

மறுநாளே வலி பறந்துவிடும் என்று எதிர்பார்த்து யாரும் போகக்கூடாது. முதல் பத்துப் பதினைந்து நாள் முன்பைவிட மோசமாக இருந்தது. ஊசி போன இடமெல்லாம் அடிபட்டதுபோல் வலி, தோலில் வெயிலில் காய்ந்ததுபோல் எரிச்சல், சேலை உரசினாலே பிடிக்கவில்லை. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. துணியில் சுற்றிய ஐஸ், பாராசிட்டமால், வீட்டுக்குள் நடை. மூன்றாவது வாரம் ஒரு நாள் கடையில் பட்டுப் பாவாடை ஒன்றை முழுக்க நின்றே வெட்டி முடித்திருக்கிறேன், பாதியில் உட்காரவே இல்லை. மருமகள்தான் அதைக் கவனித்துச் சொன்னாள்.

இந்தச் சிகிச்சையைப் பற்றி மருத்துவ உலகில் ஒரே கருத்து இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் நடந்து 2017-இல் ஜாமா மருத்துவ இதழில் வெளியான ஆய்வுகளில், உடற்பயிற்சித் திட்டத்தோடு ஆர்எஃப்ஏயும் செய்துகொண்டவர்களுக்கும் உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதமும் ஊசி வைத்த முறையும் சரியில்லை என்று வலி மருத்துவர்கள் பலர் அந்த ஆய்வை மறுத்தார்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது, ஆளைச் சரியாகப் பிரித்தெடுக்காமல் செய்தால் பலன் சொற்பம், உடற்பயிற்சி இல்லாமல் செய்தாலும் சொற்பம்.

உடற்பயிற்சியில்தான் எங்களைப் போன்றவர்களுக்குச் சிக்கலே இருக்கிறது. ஃபேசட் வலிக்காரர்களுக்குக் குனிந்தால் சுகம். எலும்புப்புரை முதுகுக்குக் குனிவதுதான் ஆபத்து. குனியும்போது பாரமெல்லாம் முள்ளெலும்பின் முன்விளிம்பில் இறங்கும், அது சரிந்து ஆப்பு மாதிரி நசுங்கும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மெர்ஷீத் சினாக்கி என்ற மருத்துவரும் உடன் ஒருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. எலும்புப்புரையும் முதுகுவலியும் இருந்த 59 பெண்களை வெவ்வேறு பயிற்சியில் வைத்துப் பார்த்தார்கள். முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்குப் புதிதாக நசுங்கல் வந்தது, முன்னால் மடங்கும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்கு. சின்ன ஆய்வுதான், ஆனால் எனக்கு அந்த வித்தியாசமே போதும். எங்கள் தெரு யோகா வகுப்பில் பாதஹஸ்தாசனமும் பச்சிமோத்தாசனமும் செய்துகொண்டிருந்தேன், இரண்டையும் நிறுத்திவிட்டேன். யோகா டீச்சரிடம் டெக்ஸா ரிப்போர்ட்டைக் காட்டினேன். பாவம், அவருக்கும் இது புதுத் தகவல். இப்போது எங்கள் வகுப்பில் அறுபது தாண்டிய யாரும் அவற்றைச் செய்வதில்லை.

பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தது வேறு. குப்புறப் படுத்து, தலையணை ஆதரவோடு நெஞ்சை மட்டும் கொஞ்சம் தூக்குவது. மல்லாந்து, முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது. நான்கு காலில் நின்று எதிரெதிர் கையும் காலும் நீட்டுவது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. கடைசியாகச் சொன்னதைத்தான் நான் ஒரு நாளும் விடுவதில்லை, தொடை பலமாக இருந்தால் விழ மாட்டோம். இதைத் தள்ளிப்போட முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. சூடுபடுத்திய அதே நரம்புகள்தான் முதுகெலும்பை ஒட்டியிருக்கும் சின்னத் தசைகளுக்கும் போகின்றன. அந்தத் தசை சோர்ந்துபோகாமல் மற்றத் தசைகளைத் தயார் செய்ய வேண்டும், அதற்கு வலியில்லாத காலத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். சில மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரையோ கூடவோ நரம்பு மௌனமாக இருக்கும், அப்புறம் வளர்ந்துவிடும். எனக்கு ஒரு வருஷம் தாண்டித்தான் லேசாகத் திரும்பத் தொடங்கியது. தேவைப்பட்டால் மறுபடியும் செய்யலாம் என்கிறார் வலி மருத்துவர்.

வாசலில் குனிந்து கோலம் போடுவதை விட்டேன். மார்கழியில் ஒரு சின்ன முக்காலியில் உட்கார்ந்து போடுகிறேன். துணி மூட்டையைத் தரையிலிருந்து எடுப்பதில்லை, கடைப்பையன் மேஜை மேல் வைத்துவிடுவான். பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி, ராத்திரி எரியும் சின்ன விளக்கு, வழுக்கும் கால்மிதி இனி கிடையாது. வலி இருந்தபோது இதையெல்லாம் உடம்பே தடுத்தது. வலி போன பிறகு நாம்தான் தடுத்துக்கொள்ள வேண்டும், எலும்பு இன்னும் அதே -2.8-தானே.

எலும்புக்கான சிகிச்சை தனியாக நடந்தது, வேறொரு மருத்துவரிடம். முதலில் வைட்டமின் டி, கால்சியம், தைராய்டு, கிரியாட்டினின் பார்த்தார். வைட்டமின் டி குறைவாக இருந்ததால் வாரம் ஒரு 60,000 யூனிட் பாக்கெட், சில வாரம். பல் டாக்டரிடம் போய்ப் பிடுங்க வேண்டியதை முடித்துவிட்டு வரச் சொன்னார். எலும்புப்புரை மருந்துகளுக்குப் பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போவது அபூர்வமாக நடக்கும். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை சொட்டு சொட்டாக ஏற்றும் சோலெட்ரானிக் ஆசிட் 5 மில்லிகிராம். முதல் தடவை ஏற்றிய அன்று ராத்திரி காய்ச்சலும் உடம்புவலியும் வரும் என்றார், வந்தது, இரண்டு நாளில் போனது. என் நாத்தனாருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி. அதில் ஒன்று முக்கியம். அதை நாமாக நிறுத்தினால், அல்லது தேதி தள்ளிப்போனால், பிடித்துவைத்த எலும்பு வேகமாகக் கரைந்து முதுகெலும்புகள் அடுத்தடுத்து நசுங்கக்கூடும். நிறுத்த வேண்டியிருந்தால் மாற்று மருந்து என்னவென்று கேட்டுவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். சாப்பாட்டில் தயிர், ராகி, நெத்திலி, எள் இருக்கட்டும், ஆனால் புரை வந்த பிறகு ராகிக்களியால் மட்டும் சரியாகாது.

எலும்புக்குள்ளேயே ஊசி விட்டு, முள்ளெலும்பின் உடலுக்குள் ஓடும் நரம்பைச் சூடுபடுத்தும் முறையும் இருக்கிறது. அமெரிக்காவில் 2016-இல் அனுமதி பெற்றது. அது வேறு வலிக்கு, எம்ஆர்ஐயில் முள்ளெலும்பின் மேல், கீழ்ப் பரப்புத் தட்டில் குறிப்பிட்ட மாற்றம் தெரிபவர்களுக்கு. எலும்பைத் துளைத்துப் போவதால் எலும்புப்புரை உள்ளவர்களை அதன் ஆய்வுகளில் சேர்க்கவில்லை. எனக்குச் செய்தது எலும்பின் வெளியே, மேற்பரப்பில். யாராவது நரம்புச் சிகிச்சை என்று சொன்னால் ஊசி எலும்புக்கு வெளியே நிற்குமா உள்ளே போகுமா என்று கேட்டுவிடுங்கள். பேஸ்மேக்கர் இருந்தாலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலும் முதல் நாளே சொல்ல வேண்டும், மாத்திரையை நாமாக நிறுத்தக்கூடாது.

செலவில் தனியாகக் கேட்க வேண்டியது ஊசியின் விலை. எத்தனை இடம், எத்தனை ஊசி என்பதைப் பொறுத்து பில் மாறும். எங்கள் காப்பீட்டு நிறுவனம் முதலில் மறுத்தது, ஒரு நாளுக்கும் குறைவாகத் தங்கிய ஊசிச் சிகிச்சைக்குப் பணம் தர மாட்டோம் என்றது. எத்தனை மாதம் மருந்தும் பிசியோவும் பார்த்தோம், சோதனை ஊசிகளில் என்ன பலன், தியேட்டரில் சி-ஆர்ம் வைத்துச் செய்தது ஆகியவற்றை மருத்துவர் கடிதமாக எழுதிக் கொடுத்த பிறகுதான் ஒத்துக்கொண்டது. அந்தக் கடிதத்தைச் சிகிச்சைக்கு முன்பே வாங்கி முன் அனுமதி கேட்பது நல்லது.

இன்னும் ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஆர்எஃப்ஏ அடக்கியது ஃபேசட் மூட்டின் வலியை மட்டும். புதிதாக, வேறு இடத்தில், திடீரென்று கடுமையாக வலித்தால் "நரம்பு திரும்ப வளருது போல" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அது புது முறிவாக இருக்கலாம், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, காய்ச்சலோடு முதுகு வலித்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இப்போது என்னிடம் ஒரு ஃபைல் இருக்கிறது. ஆர்எஃப்ஏ செய்தபோது சி-ஆர்மில் எடுத்த ஊசிப் படங்களின் பிரின்ட், எந்தக் கணு, எந்தப் பக்கம், எத்தனை டிகிரி என்று எழுதிய டிஸ்சார்ஜ் தாள், சோதனை ஊசி அன்று நான் எழுதிய வலிக் குறிப்பு. மறுபடி செய்ய வேண்டிவந்தால் மருத்துவர் மாறினாலும் இவை போதும். டெக்ஸாவை அதே சென்டரில், அதே மெஷினில் எடுத்துக்கொள்கிறேன். மெஷின் மாறினால் எண்ணை ஒப்பிட முடியாது. அடுத்த ஸ்கேன் தை மாதத்தில். எண் ஏறாவிட்டாலும் பரவாயில்லை, இறங்காமல் இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எலும்பு டாக்டர் சொல்லியிருக்கிறார்.